கணினி கேள்வி–பதில்: கையொப்பம் இருந்தும் விளம்பரம் வருவது ஏன்?

கேள்வி: ஐயா, கிளிநொச்சியில் தட்டச்சு, போட்டோக்கொப்பி, இணைய விண்ணப்பம் ஆகியவற்றுக்கான சிறிய கடையொன்றை நடத்துகிறேன். ஆவணங்களைப் பி.டி.எப். ஆக மாற்றுவதற்கு இலவச மென்பொருள் ஒன்றைத் தரவிறக்கி நிறுவிய நாளிலிருந்து, உலாவியைத் திறந்தால் அறியாத தேடுபக்கம் ஒன்று வருகிறது; விளம்பரங்களும் தாமாகத் திறக்கின்றன. ஆனால் அந்தக் கோப்பில் செல்லுபடியான டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. வைரஸ் கார்டும் எதுவும் சொல்லவில்லை. கையொப்பமிட்ட கோப்பு விளம்பர மென்பொருளாக இருக்குமா? நிறுவுவதற்கு முன்பே அதை அறிய வழியுண்டா?
– கடை உரிமையாளர், கிளிநொச்சி

பதில்: இருக்கும். விளம்பர மென்பொருள் தயாரிப்போரில் பலர் முறைப்படி பதிவுசெய்த நிறுவனங்களை நடத்துபவர்கள் என்பதால், கையொப்பத்துக்கான சான்றிதழைப் பெறுவது அவர்களுக்குக் கடினமான காரியமல்ல. டிஜிசேர்ட், செக்டிகோ, குளோபல்சைன் போன்ற சான்றிதழ் வழங்குநர்கள், விண்ணப்பித்த நிறுவனம் உண்மையில் இருக்கிறதா, விண்ணப்பித்தவருக்கு அதற்கான அதிகாரம் உண்டா என்பவற்றைத்தான் ஆராய்கிறார்களே தவிர, அந்த நிறுவனம் பின்னர் வெளியிடும் ஒவ்வொரு மென்பொருளையும் இயக்கிப் பார்ப்பதில்லை. உங்கள் கடையில் எடுத்த பிரதியில் சமாதான நீதவான் ஒப்பமிடும்போது, அது மூலப்பிரதியுடன் ஒத்திருக்கிறது என்று உறுதிப்படுத்துகிறார். உள்ளே எழுதியிருப்பது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. டிஜிட்டல் கையொப்பமும் கோப்பை வெளியிட்டவர் யார், ஒப்பமிட்ட பின் அதில் மாற்றம் ஏதும் நேர்ந்ததா என்ற இரண்டுக்கு மட்டுமே விடை தருகிறது.

வைரஸ் கார்ட் பேசாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. இத்தகைய நிறுவிகள் (மென்பொருளைக் கணினியில் நிறுவும் கோப்புகள்) இடையில் ஒரு பக்கத்தைக் காட்டி, முன்கூட்டியே சரி அடையாளம் இட்ட பெட்டிகளுடன் உங்கள் சம்மதத்தைக் கேட்கின்றன. நாமும் அவசரத்தில் 'நெக்ஸ்ட்' என்பதை அழுத்திவிடுகிறோம். சம்மதம் பெற்று வந்ததை வைரஸ் என்று சொல்ல முடியாததால், பாதுகாப்பு நிறுவனங்கள் அதனை 'விரும்பத்தகாத செயலியாக இருக்கக்கூடியது' என்ற தனி வகையில் வைத்துள்ளன. அந்த வகையைத் தடுக்கும் வசதி எல்லாக் கணினிகளிலும் இயங்கு நிலையில் இருப்பதில்லை. விண்டோஸ் 10, 11 இல் 'விண்டோஸ் செக்கியூரிட்டி'யைத் திறந்து, 'அப் அண்ட் பிரவுசர் கொன்ட்ரோல்' என்பதன் கீழுள்ள 'ரெப்யூட்டேஷன் பேஸ்ட் புரொடெக்‌ஷன்' பகுதியில் அந்தத் தடுப்பு இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள்.

இனி, நிறுவுவதற்கு முன் பார்க்கும் முறைக்கு வருவோம். கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, 'புரொப்பர்ட்டீஸ்' சென்று, 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பக்கத்தைத் திறந்தால் ஒப்பமிட்டவரின் பெயர் தெரியும். அதைத் தெரிவுசெய்து 'டீட்டெய்ல்ஸ்' என்பதை அழுத்தினால் கையொப்பம் செல்லுபடியாகிறதா என்பதும் தெரியும். பெரும்பாலானோர் செல்லுபடியாகிறது என்ற வரியைப் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது பெயரைத்தான். மென்பொருளைத் தயாரித்தவர் ஒருவராகவும் ஒப்பமிட்டவர் அதனோடு தொடர்பே இல்லாத வேறொரு நிறுவனமாகவும் இருந்தால், உங்கள் கையில் இருப்பது அசல் நிறுவியாக இல்லாமல், அதைச் சுற்றி யாரோ கட்டிய பொதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பேர்பெற்ற தளங்களும் இந்த வேலையைச் செய்ததுண்டு: 2015 இல் சோர்ஸ்ஃபோர்ஜ் என்னும் மென்பொருள் தரவிறக்கத் தளம், கிம்ப் என்னும் இலவசப் பட மென்பொருளின் விண்டோஸ் பதிப்பை, வேறு மென்பொருள்களையும் நிறுவச் சொல்லிக் கேட்கும் நிறுவியில் வைத்து விநியோகித்து, கடும் எதிர்ப்புக்குப் பின்னரே கைவிட்டது.

பெயர் ஐயத்துக்கு இடமளித்தால் அடுத்துச் செல்ல வேண்டிய இடம் வைரஸ்டோட்டல். 2012 முதல் கூகுளின் கையில் இருக்கும் இந்த இலவச சேவை, ஒரே கோப்பை எழுபதுக்கு அண்மித்த பாதுகாப்பு மென்பொருள்களைக் கொண்டு சோதிக்கிறது. கைபேசியின் டேட்டாவை நம்பிக் கடை நடத்தும் உங்களைப் போன்றோர் நூறு மெகாபைட் கோப்பைப் பதிவேற்ற வேண்டியதில்லை. கோப்புகளைச் சுருக்கும் இலவச மென்பொருளான செவன்-சிப் நிறுவியிருந்தால், கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, 'சி.ஆர்.சி. ஷா' என்ற தெரிவில் ஷா-256 பெறுமதியை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற அடையாளத்தை, பெற்று, அந்த 64 எழுத்துகளை வைரஸ்டோட்டலின் தேடற்பெட்டியில் ஒட்டினால் போதும். வேறு யாராவது முன்னர் அதே கோப்பைக் கொடுத்திருந்தால் முடிவு உடனே வரும். பெயர்பெற்ற மென்பொருளின் நிறுவி என்று சொல்லிக்கொள்ளும் கோப்பை இதுவரை உலகில் ஒருவருமே கொடுத்ததில்லை என்றால், அதுவே ஐயத்துக்குரியது. அப்போது பதிவேற்றிப் பாருங்கள். ஆனால் அங்கு பதிவேற்றுபவை பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படுவதால், வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதியையோ வங்கி ஆவணத்தையோ ஒருபோதும் அதில் ஏற்றாதீர்கள்.

முடிவை வாசிப்பதில் நிதானம் தேவை. பிரபலமில்லாத ஓரிரு மென்பொருள்கள் மட்டும் பொதுவான பெயரில் குறை சொன்னால் அது தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். வெவ்வேறு நிறுவனங்கள் பல ஒரே குரலில் 'அட்வெயார்' (விளம்பர மென்பொருள்), 'பி.யூ.ஏ.' (மேலே சொன்ன விரும்பத்தகாத செயலி வகை), 'பண்ட்லர்' (வேறு மென்பொருளையும் சேர்த்து நிறுவுவது) என்று குறித்திருந்தால், கையொப்பம் எவ்வளவு முறையானதாக இருந்தாலும் கோப்பை அழித்துவிடுங்கள். ஒப்பமிட்டவரின் பெயரை அப்படியே தேடுபொறியில் இட்டுப் பார்ப்பதும் பயன் தரும். அதே பெயரில் வந்த வேறு மென்பொருள்களைப் பற்றிப் பிறர் முறையிட்டிருந்தால் அங்கேயே தெரியவரும்.

இதற்கு மறுபுறமும் உண்டு: கையொப்பம் இல்லாததெல்லாம் கெட்டதுமல்ல, இருப்பதெல்லாம் நல்லதுமல்ல. மேலே சொன்ன செவன்-சிப் பல்லாண்டுகளாகக் கையொப்பம் இல்லாமலே வெளிவந்த நல்ல மென்பொருள். கணினியைத் துப்புரவாக்கும் மென்பொருளான சீகிளீனரோ, 2017 இல், தயாரிப்பாளரின் செல்லுபடியான கையொப்பத்துடனேயே ஊடுருவிகள் புகுத்திய தீய நிரலையும் சுமந்து இலட்சக்கணக்கான கணினிகளுக்குச் சென்றது.

உங்கள் கணினிக்கு இப்போது செய்ய வேண்டியது: நிறுவிய மென்பொருள்களைத் திகதி வரிசையில் வைத்து, அன்று உடன் வந்த அனைத்தையும் நீக்குங்கள், உலாவியில் அறியாத நீட்சிகளையும் ('எக்ஸ்டென்ஷன்ஸ்') அகற்றுங்கள், பின்னர் மால்வெயார்பைட்ஸ் நிறுவனத்தின் விளம்பர மென்பொருளை அகற்றும் இலவச அட்வ்கிளீனரை ஒருமுறை இயக்குங்கள். விளம்பரம் தானே என்று இதனை விட்டுவைக்க வேண்டாம். சில லெனோவோ மடிக்கணினிகளில் முன்கூட்டியே நிறுவி விற்கப்பட்ட சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர மென்பொருள், பிற சான்றிதழ்களைக் கணினி நம்புவதற்கு அடிப்படையாகும் மூலச் சான்றிதழாகத் தனது சொந்தச் சான்றிதழைப் பதித்து, பூட்டுக்குறியுள்ள பாதுகாப்பான இணைப்புகளுக்குள்ளும் நுழைந்தது 2015 இல் அம்பலமானது. ஊரார் தமது கடவுச்சொற்களைத் தட்டச்சு செய்யும் கணினி உங்களுடையது. துப்புரவு முடியும்வரை அதில் வங்கி வேலைகளைச் செய்யாதீர்கள்.

கேள்வி: எமது பாடசாலையின் பழைய விண்டோஸ் 7 கணினிகளில், தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுத்த கோப்பின் கையொப்பத்தைக்கூடச் சரிபார்க்க முடியவில்லை என்று வருகிறது. கோப்பு கெட்டதா?
– ஆசிரியை, துணுக்காய்

பதில்: அப்படி முடிவுகட்ட வேண்டாம். புதிய கையொப்பங்கள் ஷா-2 என்னும் புதிய கணக்கீட்டு முறையில் இடப்படுகின்றன. அதற்குரிய இற்றைப்படுத்தலைப் பெறாத விண்டோஸ் 7 அவற்றைச் சரிபார்க்க அறியாது. பழைய கணினிகளில் தாய்ப்பலகையின் சிறிய மின்கலம் செத்து, மின்சாரம் போய் வரும்போதெல்லாம் திகதி பல ஆண்டுகள் பின்னே போய்விடுவதும் உண்டு. அப்போது சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவில்லை என்று கணினி எண்ணிக்கொள்ள இடமுண்டு. முதலில் திகதியைப் பாருங்கள். அதன் பின்னும் ஐயம் தீராவிட்டால், கோப்பைப் பென்ட்ரைவில் எடுத்துச் சென்று விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினியில் கையொப்பத்தைப் பாருங்கள். விண்டோஸ் 7 க்கான பொது ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டதால், அந்தக் கணினிகளை இணையத்தில் இணைக்காமல் பயன்படுத்துவதே மேல்.

கேள்வி: எல்லாக் கோப்பையும் சோதித்துவிட்டேன், எதுவும் இல்லை. ஆனாலும் திரையின் வலது கீழ் மூலையில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது.
– உயர்தர மாணவன், மாங்குளம்

பதில்: தம்பி, அது பெரும்பாலும் மென்பொருளே அல்ல. ஏதோ ஒரு தளம் அறிவித்தல் அனுப்பட்டுமா என்று கேட்டபோது நீங்கள் 'அலவ்' கொடுத்திருப்பீர்கள். குரோம் உலாவியின் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி', அதன் கீழ் 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று சென்று, அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் அறியாத பெயர்களை நீக்கிவிடுங்கள்.