முகம் எடுக்க எந்த லென்ஸ்? மீடியம் ஃபார்மட் (35 மி.மீ.-ஐ விடப் பெரிய ஃபிலிம்) கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது ஹாசல்பிளாட் 500 சி/எம் கேமரா, கூடவே வந்த 80 மி.மீ. லென்ஸ். போர்ட்ரெய்ட்டுக்கு (முகப்படம்) 150 மி.மீ. லென்ஸ் வாங்கியே ஆக வேண்டுமா சார்?

பதில்: எவ்வளவு தள்ளி நின்று எடுப்பீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். லென்ஸ் அதற்கு அப்புறம். இடுப்பு வரைக்கும் என்றால் 80 தாராளமாகப் போதும். தலையும் தோளும் வேண்டும் என்று 90 செ.மீ. வரை கிட்டே போனால்தான் மூக்கு பெருத்துக் காது பின்னுக்குப் போய்விடும். 150-இல் ஏறக்குறைய அதே அளவுப் படத்தை 1.4 மீட்டரில் நின்றே எடுக்கலாம். முகத்தின் அமைப்பை மாற்றுவது அந்த அரை மீட்டர்தான். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும்!

கேள்வி: என்னிடம் 150 இருக்கிறது. முகம் மட்டும் படம் முழுவதையும் நிரப்ப வேண்டும் என்றால் ஃபோகஸ் ஆக மாட்டேன் என்கிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. 1.4 மீட்டருக்குக் கிட்டே அது வராது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே 16 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸை முன்னே தள்ளி வைக்கும் வளையம்) ஒன்றைப் போடுங்கள். கிட்டத்தில் எடுப்பதற்கென்றே உள்ள 120 மேக்ரோ பிளானார் லென்ஸும் கிட்டே வரும், ஆனால் தோலில் ஒரு துளை விடாமல் காட்டிவிடும். எனக்கு முகத்துக்கு அது பிடிக்காது.

கேள்வி: மாமியா ஆர்பி67 கேமராவுக்கு 127 மி.மீ. லென்ஸா, 180-ஆ?

பதில்: முகம்தான் முக்கியம் என்றால் 180. ஆர்பியில் பெல்லோஸ் (லென்ஸை முன்னே நகர்த்தும் மடிப்புத் துருத்தி) இருப்பதால் நெருக்கமாக ஃபோகஸ் செய்ய டியூப் தேவையில்லை. ஆனால் ஒளியைக் கணக்கில் எடுக்க வேண்டும். பெல்லோஸை 45 மி.மீ. நீட்டினால் ஃபிலிமுக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம் 225 ஆகிறது. 225-ஐ 180-ஆல் வகுத்தால் 1.25, அதன் வர்க்கம் சுமார் 1.56. அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஸ்டாப் கூடுதல் ஒளி வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). கேமராவுக்கு வெளியே வைத்துப் பார்க்கும் ஒளி மீட்டருக்கு இது தெரியாது. இதை மறந்து ஒரு ரோல் முழுக்க ஒளி போதாமல் மெலிந்த நெகட்டிவ்களாக வாங்கி வந்தவன் நான். கேமராவின் பக்கவாட்டிலேயே அட்டவணை இருக்கிறது, எட்டிப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

கேள்வி: பென்டாக்ஸ் 67 கேமரா, 105 மி.மீ. எஃப் 2.4 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது). வெயிலில் ஃபிளாஷ் போட்டால் எல்லாம் வெளுத்துப்போகிறது.

பதில்: அந்தக் கேமராவில் ஃபிளாஷ் ஒத்துப்போகும் ஷட்டர் வேகம் 1/30 நொடிதான். வெயிலில் அது ரொம்ப மெது. லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் உள்ள 165 எஃப் 4 எல்எஸ் தேடுங்கள், 1/500 வரை போகலாம். ஃபிளாஷே வேண்டாம் என்றால் 105-ஐ விடாதீர்கள், அருமையான லென்ஸ்.

கேள்வி: எப்போதும் லென்ஸின் திறப்பை முழுதாகத் திறந்துதான் எடுக்க வேண்டுமா?

பதில்: 150-ஐ எஃப் 4-இல் வைத்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால் கூர்மையாக இருப்பது மொத்தம் மூன்றரை செ.மீ. தலை சற்றுத் திரும்பினால் ஒரு கண் தெளிவு, மறு கண் புகை. எஃப் 8 வையுங்கள். இந்த ஃபார்மட்டில் அப்போதும் பின்னணி கரைந்துதான் இருக்கும்.

கேள்வி: லென்ஸ் மாற்ற முடியாத ரோலைஃபிளெக்ஸ் என்னிடம். கைவிட்டுவிடட்டுமா?

பதில்: ஏன்? தள்ளி நில்லுங்கள், பிரிண்ட் போடும்போது வெட்டிக்கொள்ளுங்கள். 56 மி.மீ. சதுர நெகட்டிவில் வெட்ட நிறைய இடம் இருக்கிறது.