ஸ்பெயின் ஆட்சியில் பிலிப்பைன்ஸ் தேசிய உணர்வு எப்படி உருவானது? ஹோசே ரிசால்தான் தொடக்கமா?

நாவலாசிரியர் ரிசாலுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ரிசாலையே உருவாக்கியது 1872 என்பேன். அந்த ஆண்டு மட்டும் இல்லையென்றால் தான் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் குருவாகப் போயிருப்பேன் என்று அவரே 1889-இல் நண்பர் மரியானோ போன்சேவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

முதல் தகராறு விடுதலைக்காக அல்ல, கோயில் பங்குகளுக்காக; பங்கு என்றால் ஒரு கத்தோலிக்கக் குருவின் பொறுப்பில் இருக்கும் ஊர்ப்பகுதி. பல ஊர்களில் மக்கள் கண்ணால் பார்த்த ஒரே ஸ்பானியர் அங்கிருந்த துறவிதான்; ஊரில் அவர் வைத்ததே சட்டம். 1859-இல் இயேசு சபையினர் திரும்பி வந்ததும் தெற்கே உள்ள மிண்டனாவோ தீவின் பங்குகள் அவர்கள் கைக்குப் போயின. அதற்கு ஈடாக, அங்கிருந்த ரெக்கொலெக்ட் என்ற இன்னொரு சபையின் துறவிகளுக்கு மணிலா, அதன் அருகிலுள்ள கவிட்டே பகுதிப் பங்குகளைக் கொடுத்தார்கள். அங்கே இருந்த உள்ளூர்க் குருக்கள் நடுத்தெருவில் நின்றார்கள். இந்த மண்ணில் பிறந்தவன் திறமையில் குறைந்தவன் இல்லை என்று வாதாடினார் ஹோசே புர்கோஸ் என்ற குரு. அரசு பயந்தது இந்த வாதத்துக்குத்தான்.

அப்புறம் 1872 ஜனவரி 20. கவிட்டே ஆயுதக் கிடங்குத் தொழிலாளர்களுக்கு வரியிலிருந்தும் கட்டாய உழைப்பிலிருந்தும் இருந்த விலக்கை ஆளுநர் இஸ்கியெர்தோ பறித்தார். தொழிலாளர்களும் சிப்பாய்களுமாகச் சுமார் 200 பேர் கிளர்ந்தார்கள். இரண்டே நாளில் அடங்கிப்போன கலகம். ஆனால் அரசு அதைப் பெரிய பிரிவினைச் சதி என்றது. புர்கோஸ் (35), மரியானோ கோமெஸ் (72), ஹசிந்தோ சமோரா (36) ஆகிய மூன்று குருக்களைச் சிக்க வைத்தது. சமோராவுக்கு எதிரான சாட்சியம் ஒரு துண்டுச்சீட்டு. 'வெடிமருந்தோடு வா' என்பது போல அதில் இருந்ததாம். சீட்டாடக் காசு கொண்டுவரச் சொல்லும் குழூஉக்குறி அது என்பார்கள்.

பிப்ரவரி 17 அன்று மணிலாவின் பாகும்பாயன் திடலில் மூவரையும் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அவர்களுடைய குருப்பட்டத்தைப் பறிக்கச் சொன்னபோது பேராயர் மறுத்தார். கோயில்களில் துக்கமணி அடிக்கச் செய்தார். ஒரு ஸ்பானியப் பேராயரே இவர்களைக் குற்றவாளிகளாக ஏற்கவில்லை என்பதை மணிலா முழுக்கக் கேட்டது.

புர்கோஸ் வீட்டில் தங்கிப் படித்தவர் ரிசாலின் அண்ணன் பாசியானோ. சந்தேகம் தம்பி மேலும் விழாதிருக்க, அதே ஆண்டு பள்ளியில் அவனை 'மெர்காதோ' என்ற குடும்பப் பெயரில் சேர்க்காமல் 'ரிசால்' என்று சேர்த்தார்கள். 1891-இல் ரிசால் தன் இரண்டாவது நாவலை அந்த மூவருக்குத்தான் காணிக்கையாக்கினார்.

ஐரோப்பியப் பயணத்தைச் சுருக்கிய சூயஸ் கால்வாய், ஐரோப்பாவில் படித்த இளைஞர்கள், 1889-இல் பார்சிலோனாவில் தொடங்கிய 'லா சொலிதாரிதாத்' இதழ் எல்லாம் முக்கியம்தான். ஆனால் அந்த இளைஞர்கள் அப்போது கேட்டது ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் இடமும் சம உரிமையும். அதற்கே செவிசாய்க்கவில்லை. 1892 ஜூலை 3-இல் ரிசால் அமைதி வழியில் 'லா லிகா பிலிப்பினா'வைத் தொடங்கினார். சில நாளிலேயே கைதாகி, மிண்டனாவோவில் உள்ள தபித்தான் ஊருக்கு அனுப்பப்பட்டார். அந்த லிகாவில் சேர்ந்திருந்த சரக்குக் கிடங்குத் தொழிலாளி ஆந்த்ரெஸ் போனிஃபாசியோ ஜூலை 7 அன்றே தோழர்களோடு 'கதிபுனான்' என்ற ரகசியச் சங்கத்தை அமைத்தார். அவர்கள் கேட்டது முழு விடுதலை.