வாங்குமுன் ஒரு வார்த்தை: கூலித் தறியும் சொந்தத் தறியும்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விமான டிக்கெட் பற்றியவை. கிரைண்டர், மெத்தை, சோலார் தகடு பற்றி எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளவும். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: யுனைடெட் விமான நிறுவனத்தின் டிக்கெட் வாங்கினேன். விமானத்தில் ஏறும்போது கதவருகே சிறிய எழுத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. ஏமாற்றப்பட்டேனா?
– வாசகர், ரிச்மண்ட்

பதில்: இல்லை. இயக்குவது யார் என்ற வரி பணம் கட்டும் பக்கத்திலேயே இருந்திருக்கும், நீங்கள் படிக்கவில்லை.

கேள்வி: 2005இல் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்திலிருந்து பாஸ்டனுக்கு 'இண்டிபெண்டன்ஸ் ஏர்' விமானத்தில் குடும்பத்தோடு போனோம். பஸ் கட்டணம் மாதிரி இருந்தது. சில மாதங்களில் அந்த நிறுவனமே காணாமல் போய்விட்டது. அது மோசடி நிறுவனம் என்கிறான் என் மகன். அப்படியா? நாளைக்கு இன்னொருவர் அதே மாதிரி கிளம்பினால் டிக்கெட் வாங்கலாமா?
– வாசகி, ஹெர்ன்டன்

பதில்: உங்கள் மகனிடம் சொல்லுங்கள், மோசடி இல்லை அம்மா, கணக்குப் பிசகு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்; இது எனக்குப் பிடித்த புலம்பல்.

அந்த நிறுவனத்தின் பழைய பெயர் அட்லாண்டிக் கோஸ்ட் ஏர்லைன்ஸ். யுனைடெட் நிறுவனத்துக்காக, 'யுனைடெட் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில், சிறிய ஊர்களிலிருந்து பயணிகளை டல்லஸுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அதன் முக்கியத் தொழில். நம் ஊர் கூலி நெசவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாவும் நூலும் முதலாளி கொடுப்பார். நெய்து கொடுத்தால் கூலி. சேலை விற்றதா, கடையில் கிடந்து மங்கியதா என்பது நெசவாளியின் கவலை இல்லை. இங்கேயும் அதே ஏற்பாடுதான். விமானம் கிளம்பினால் கூலி உண்டு. எரிபொருள் செலவும் காலி இருக்கைகளும் யுனைடெட்டின் தலைவலி.

2002 டிசம்பரில் யுனைடெட் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கூலியைக் குறைக்கச் சொன்னது. இவர்களுக்கு ரோசம் வந்தது. இனி சொந்தத் தறி என்று 2003 ஜூலையில் அறிவித்துவிட்டார்கள். நடுவில் மேசா என்ற இன்னொரு பிராந்திய நிறுவனம் இவர்களை விழுங்கப் பார்த்து, முடியாமல் விலகியது. 2004 ஜூன் 16 அன்று டல்லஸிலிருந்து புதுப் பெயரில் பறந்தார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் நாளொன்றுக்கு 600 புறப்பாடுகள் வரை. ஊரெல்லாம் அதே பேச்சு. உங்களைப் போலவே எனக்கும் மலிவாக இருந்தது.

சொந்தத் தறி போட்டாலும் தறி பழையதுதானே? அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் 50 இருக்கை கொண்ட சிஆர்ஜே ஜெட்டுகள். ஐம்பது பேரை ஏற்றினாலும் இரண்டு விமானிகள், நூற்றுமுப்பது பேரை ஏற்றினாலும் இரண்டு விமானிகள். எரிபொருளையும் ஒரு இருக்கைக்கு என்று வகுத்துப் பார்த்தால் சின்ன விமானம்தான் அதிகம் தின்கிறது. கூலிக்கு ஓட்டும்போது இது யார் கண்ணிலும் படவில்லை, எண்ணெய் ஊற்றியவர் வேறு ஆள். மலிவு விலைக்குத் தோதான பெரிய ஏர்பஸ் ஏ319 விமானங்கள் 2004 இறுதியில்தான் வந்தன, அதுவும் ஒரு டஜன். யுனைடெட் சும்மா இருக்குமா? அதே ஊர்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தது. ஒரு மணி நேரம் தள்ளி பால்டிமோரில் சௌத்வெஸ்ட் என்ற மலிவு விலை விமான நிறுவனம் ஏற்கெனவே கடை விரித்திருந்தது. 2004 கோடையில் பேரல் 40 டாலரை ஒட்டியிருந்த கச்சா எண்ணெய், அடுத்த ஆகஸ்டில் கத்ரீனா புயல் நேரத்தில் 70ஐத் தொட்டது. நவம்பரில் இவர்களும் திவால் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 ஜனவரி 5, கடைசிப் பறப்பு. மொத்தம் பதினெட்டு மாதம் சொச்சம்.

இதைப் பார்த்தும் பாடம் படிக்காத ஒருவர் இருந்தார். கான்டினென்டல் என்ற பெரிய விமான நிறுவனத்துக்குக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ்ஜெட், கைக்கு வேலை குறைந்ததும் மிச்ச விமானங்களை 2007 ஏப்ரலில் சொந்தப் பெயரில் பறக்கவிட்டது. அவையும் 50 இருக்கை ஜெட்டுகள். 2008 செப்டம்பரில் அதையும் மூடினார்கள்.

இதில் ஆத்திரமூட்டுவது நிறுவனம் மூடியது அல்ல. வியாபாரம் என்றால் மூடத்தான் செய்யும். என் புலம்பல் முன்பணத்தைப் பற்றியது. ஆறு மாதம் கழித்துப் போகும் பயணத்துக்கு இன்றைக்கே பணம் கட்டுகிறீர்கள் அல்லவா? அது டிக்கெட் இல்லை, கைமாத்து. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஈடு கிடையாது. கடன் வாங்கியவர் படுத்துவிட்டால், விமானத்தைக் குத்தகைக்கு விட்டவர், வங்கி, வக்கீல் எல்லோருக்கும் பின்னால் வரிசையில் நிற்கப்போவது நீங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு இருநூறு டாலர் கொடுக்க நாலு தடவை யோசிப்பவர்கள், நேற்று முளைத்த நிறுவனத்துக்கு எட்டு பேர் டிக்கெட்டை ஒரே மூச்சில் வாங்குகிறார்கள்.

எனக்கு இதைச் சொல்ல யோக்கியதை உண்டா? உண்டு, சூடுபட்டவன். பெயர் வேண்டாம், வேறொரு குட்டி விமான நிறுவனம் 'பத்துப் பயணச் சீட்டு' என்று ஒரு புத்தகம் விற்றது. பத்துக்கு ஏழு விலை. காசோலை எழுதி வாங்கினேன். மூன்று சீட்டு கிழித்தேன். நிறுவனம் போய்விட்டது. மீதி ஏழும் என் அலமாரியில் புத்தக அடையாளமாக உழைக்கின்றன.

ஆகவே நாளை ஒருவர் பெரிய வீட்டை விட்டு வெளியேறி மலிவாகப் பறந்தால், தாராளமாக ஏறுங்கள். சொந்தக்காலில் நிற்பவர்களை எனக்குப் பிடிக்கும். இரண்டு மாதத்துக்குள் போகும் பயணத்துக்கு மட்டும் வாங்குங்கள். கிரெடிட் கார்டில் வாங்குங்கள். சேவை கிடைக்காவிட்டால் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டுச் சட்டம் வழி விடுகிறது. டெபிட் கார்டுக்கு அந்தச் சட்டம் இல்லை. காசோலைக்கு என்ன இருக்கிறது என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: தள்ளுபடித் தளம் ஒன்றில் பதினோரு டாலர் குறைவாக டிக்கெட் எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் தேதி தவறு என்று தெரிந்தது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப்பணம் என்று சட்டம் இருக்கிறதே, தர மறுக்கிறார்கள்.
– வாசகர், சார்லட்

பதில்: சட்டம் இருக்கிறது. பயணத்துக்கு 7 நாளாவது இருக்கையில், விமான நிறுவனத்திடமே நேரடியாக வாங்கியவர்களுக்கு. பதினோரு டாலர் மிச்சம் பிடிக்க நீங்கள் அங்கே வாங்கவில்லை. தேதியைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தியதற்கும் சட்டம்தான் பொறுப்பா?

கேள்வி: என் கணவர் மறைந்து ஒரு வருடம். திதிக்குத் திருச்சி போக, சங்கத்தில் பழக்கமான ஒரு ஏஜெண்டிடம் நான்கு டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பினேன், வங்கிச் செயலி வழியாக. ஆறெழுத்து பதிவு எண் கொடுத்தார். விமான நிலையத்தில் போய் நின்றால் டிக்கெட்டே இல்லை என்றார்கள். இப்போது ஏஜெண்ட் போன் எடுப்பதில்லை.
– வாசகி, எடிசன்

பதில்: அம்மா, தவறு உங்கள் மேல் இல்லை. தெரிந்த முகம், கோயிலில் பார்க்கிற ஆள், நம்பித்தான் தீருவோம்.

அந்த ஆறெழுத்து வெறும் முன்பதிவுதான். பணம் கட்டாமலே சில நாள் அதைப் பிடித்து வைக்க முடியும். டிக்கெட் என்பது 13 இலக்க எண். விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு, அந்தப் பதிவில் எப்போதாவது டிக்கெட் வழங்கப்பட்டதா, வழங்கி ரத்தாகியிருந்தால் பணம் யாருக்குத் திரும்பியது என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். அதோடு நியூ ஜெர்சி நுகர்வோர் விவகாரத் துறையிலும், உள்ளூர்க் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். வங்கிக்கும் இன்றே எழுதுங்கள். சங்கத்தில் கெட்ட பெயர் வரும் என்று யாராவது சமாதானம் பேச வந்தால், கெட்ட பெயர் வர வேண்டியது அவருக்குத்தான் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நகல்களை எனக்கு அனுப்பினால், கடிதம் எழுத உதவுகிறேன்.

கேள்வி: விமானத்தை அவர்களே ரத்து செய்தார்கள். பணத்துக்குப் பதில் 20 சதவீதம் கூடுதலாக வவுச்சர் தருகிறார்களாம். வாங்கலாமா?
– வாசகர், ஆஸ்டின்

பதில்: பணம். மாற்று விமானமோ வவுச்சரோ வேண்டாம் என்றால், கார்டில் கட்டியது 7 வேலை நாளில் திரும்ப வர வேண்டும். 2024 முதல் கேட்காமலே வர வேண்டும் என்று விதி.

கேள்வி: மூன்று லட்சம் பயணப் புள்ளிகள் சேர்த்து வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு உலகம் சுற்றத் திட்டம். இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.
– வாசகர், சியாட்டில்

பதில்: ஊறுகாயா ஐயா, நாள்பட ருசிக்க? புள்ளியின் மதிப்பை நிர்ணயிப்பது அதை அச்சடிப்பவர். எப்போது வேண்டுமானாலும் குறைப்பார். மனைவியை அழைத்துக்கொண்டு இந்தக் கோடையிலேயே கிளம்புங்கள்.

கேள்வி: 29 டாலர் டிக்கெட். ஏறும் வாசலில் பெட்டிக்கு 79 டாலர் கேட்டார்கள். பகற்கொள்ளை இல்லையா?
– வாசகர், ஒர்லாண்டோ

பதில்: விலைப் பட்டியல் அவர்கள் தளத்தில் பகலிலேயே இருந்தது. வீட்டிலிருந்து கட்டியிருந்தால் குறைவு. ஆனால் அதிகம் திட்ட மாட்டேன். 'எல்லா விமானத்துக்கும் ஏற்றது' என்று கடைக்காரர் சொன்ன பெட்டியை நம்பி வாங்கியவன் நான். அவர் சக்கரத்தைச் சேர்க்காமல் அளந்திருந்தார். ஒன்றரை அங்குலச் சக்கரத்துக்காக நான் கட்டிய அபராதத்தில் இன்னொரு பெட்டி வாங்கியிருக்கலாம்.

கேள்வி: பழைய இண்டிபெண்டன்ஸ் ஏர் பொம்மை விமானம் ஒன்றை இணையத்தில் 90 டாலர் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– மேலே எழுதிய ஹெர்ன்டன் வாசகியின் மகன்

பதில்: வேண்டாம் தம்பி. நிஜ விமானத்தில் உன்னை ஏற்றிப் போனபோதே உன் அம்மா அவ்வளவு கொடுத்திருக்க மாட்டார்.