அலியும் டைசனும் மோதியிருந்தால்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய குத்துச்சண்டைக் கேள்விகளில், வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் (மிகக் கனமான எடைப்பிரிவு) வீரர்களைக் கற்பனையில் மோதவிடும் கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். எந்த ஆண்டின் வீரர், எத்தனை சுற்றுப் போட்டி, எந்தக் காலத்து விதி என்னும் மூன்றையும் முதலில் வரையறுத்துக்கொண்டால் இக்கேள்விகளுக்குப் பொறுப்பான விடை கூற முடியும் என்பது என் உறுதியான கருத்து.

1980-ல் சென்னைக்கு வந்த முகமது அலியை என் தந்தை நேரில் கண்டவர். மைக் டைசனுடன் மோதியிருந்தால் அலி வென்றிருப்பாரா? (காரைக்குடி வாசகர்)

உங்கள் தந்தை கண்ட அலியை இந்தப் போட்டிக்கு அழைத்து வர இயலாது. அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸ் அவரைப் பத்துச் சுற்று அடித்தபின், அலியின் தரப்பே போட்டியை நிறுத்தச் சொன்னது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவர் 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றாம் சுற்றில் வீழ்த்திய அலி. டைசனையும் 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடிகளில் சாய்த்தவராகவே நிறுத்துவோம்.

முதல் நான்கு சுற்றுகள் அலிக்கு உண்மையிலேயே ஆபத்தானவை. கைகளைத் தாழ்த்திக்கொண்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்தே குத்துகளைத் தவிர்ப்பது அவர் வழக்கம். அந்தப் பழக்கத்துக்கு இடது ஹுக் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) தண்டனை தரும் என்பதை 1963-ல் ஹென்றி கூப்பரும், 1971-ல் பதினைந்தாம் சுற்றில் ஜோ ஃப்ரேசியரும் அவரைத் தரையில் விழச்செய்து காட்டினார்கள். டைசனின் இடது ஹுக் அவ்விருவருடையதற்கும் குறைந்ததன்று. ஆயினும் உயரமான எதிராளி ஜாபை (முன்னிருக்கும் கையால் நேராக விடும் குத்தை) நீட்டித் தூரத்தைக் காத்து, நெருங்கும்போதெல்லாம் கட்டிப்பிடித்து நிறுத்தினால் டைசனின் வேகம் தடைபட்டது. 1987-ல் ஜேம்ஸ் ஸ்மித்தும் டோனி டக்கரும் பன்னிரண்டு சுற்றும் தாக்குப்பிடித்தார்கள். 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் பத்தாம் சுற்றில் அவரை வீழ்த்தியே விட்டார். அவர்களுள் எவருக்கும் அலியின் கால்கள் இல்லை. பதினைந்து சுற்றுப் போட்டியெனில், பத்தாம் சுற்றுக்குப் பிறகு அலி வெல்வார் என்பதே என் தீர்ப்பு.

அலியை வென்ற ஹோம்ஸை 1988-ல் டைசன் நான்கே சுற்றில் வீழ்த்தியதைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். அப்போது ஹோம்ஸுக்கு வயது 38. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போட்டியின்றி இருந்து திரும்பியவர். அது அலியைப் பற்றி எதையும் நிறுவவில்லை.

‘அவர் இவரை வென்றார், இவர் மற்றவரை வென்றார்’ என்று சங்கிலி போட்டுக் கணக்கிடுவது சரியா? (கோட்டையூர் வாசகர்)

சரியன்று. 1971-ல் ஃப்ரேசியர் அலியை வென்றார். 1973-ல் ஜார்ஜ் ஃபோர்மன் ஃப்ரேசியரை இரண்டே சுற்றில் ஆறுமுறை வீழ்த்தி வென்றார். அந்தக் கணக்குப்படி ஃபோர்மன் அலியை வென்றிருக்க வேண்டும்; ஆனால் 1974-ல் கின்ஷாசாவில் அலி ஃபோர்மனை எட்டாம் சுற்றில் வென்றார்.

சிராவயல் மஞ்சுவிரட்டில் பெருத்த காளையைவிடத் துடிப்பான காளைதான் பிடிபடாமல் போகிறது. அப்படியானால் 49 போட்டிகளிலும் தோற்காத ராக்கி மார்சியானோ, பிரிட்டிஷ் வீரர் டைசன் ஃப்யூரியை வெல்ல மாட்டாரா? (பள்ளத்தூர் வாசகர்)

உங்கள் உவமை பாதி பொருந்துகிறது. 1919-ல் ஜாக் டெம்ப்சி தம்மைவிட 25 கிலோவுக்கு மேல் கனமான ஜெஸ் வில்லர்டை முதல் சுற்றிலேயே ஏழுமுறை வீழ்த்தினார். 2024 டிசம்பரில் ஒலெக்சாந்தர் உசிக், தம்மைவிட ஏறத்தாழ 25 கிலோ கூடுதலான அதே ஃப்யூரியைப் புள்ளிகளில் வென்றார். ஆனால் உசிக் நூறு கிலோ தாண்டியவர், நீண்ட கைகள் உடையவர், ஜாபால் போட்டியை நடத்தக்கூடியவர். மார்சியானோவோ சுமார் 84 கிலோ எடையும் ஐந்தடி பத்தரை அங்குல உயரமும் கொண்டவர். அவருடைய கைவீச்சு ஹெவிவெயிட் சாம்பியன்களிலேயே மிகக் குறுகியவற்றுள் ஒன்று. இன்றைய விதிப்படி அவர் ஹெவிவெயிட்டே அல்லர், அதற்குக் கீழான குரூசர்வெயிட் எடைப்பிரிவினர். ஆறடி ஒன்பதங்குல ஃப்யூரி அவர்மீது சாய்ந்து எடையை ஏற்றிக் களைப்படையச் செய்வார். மார்சியானோவின் நெஞ்சுறுதியை நான் மிகவும் மதிக்கிறேன். அவர் கடைசிச் சுற்றுவரை முன்னேறிக்கொண்டேதான் இருப்பார். எனினும் இந்தப் போட்டியில் ஃப்யூரியே வெல்வார்.

கணினியிடமே முடிவை விட்டுவிடலாமே? (கானாடுகாத்தான் மாணவர்)

அம்முயற்சி முன்பே நடந்திருக்கிறது. 1969-ல் அலியையும் மார்சியானோவையும் நேரில் களத்தில் இறக்கி, பல முடிவுகளுக்கும் பொருந்தும்படி காட்சிகளைப் படம்பிடித்தார்கள். கணினியின் தீர்ப்பு என்று சொல்லி 1970 ஜனவரியில் திரையிட்டபோது, அமெரிக்காவில் பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டிய பதிப்பில் அலி வென்றார். அந்த முடிவு திரைக்கு வருமுன், 1969 ஆகஸ்டில், மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டார் என்பது இன்றும் மனத்தை வருத்துகிறது. எந்த எண்களை ஊட்டுகிறோமோ அவற்றுக்கேற்பவே கணினி விடை தரும். ஒருவருடைய ஜாபின் வேகத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதை ஒரு மனிதர்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

கணினியைவிட நம்பத்தக்க சான்று, இரண்டு காலங்களிலும் போட்டியிட்ட ஒரு வீரரிடம் கிடைக்கும். ஜார்ஜ் ஃபோர்மன் 1991-ல், தம் 42 ஆம் வயதில், அப்போதைய சாம்பியன் ஹோலிஃபீல்டை எதிர்த்துப் பன்னிரண்டு சுற்றும் நின்றார். 1994-ல், 45 ஆம் வயதில், மைக்கேல் மூரரைப் பத்தாம் சுற்றில் வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். இளமையில் அலி, ஃப்ரேசியர் ஆகியோரோடு மோதியவர் தொண்ணூறுகளிலும் இவ்வாறு நிலைநின்றார் என்றால், ‘பழைய வீரர்கள் இன்று தாக்குப்பிடிக்க மாட்டார்கள்’ என்னும் பொதுக்கூற்று வலுவிழக்கிறது.

பினாங்கில் கடை வைத்திருந்த எங்கள் ஐயா, ஜோ லூயிஸுக்கு நிகரில்லை என்பார். 1973-இன் ஃபோர்மனை லூயிஸ் வென்றிருப்பாரா? (தேவகோட்டை வாசகர்)

உங்கள் ஐயாவின் மதிப்பீடு பெரும்பாலும் சரியே. 1937 முதல் 1949 வரை சாம்பியனாக இருந்து 25 முறை பட்டத்தைக் காத்தவர் லூயிஸ். பெரிய உருவத்துக்கு அவர் அஞ்சியவர் அல்லர்; 118 கிலோ எடையுள்ள பிரிமோ கார்னெராவை 1935-ல் ஆறாம் சுற்றில் வென்றார். ஃபோர்மன் அகல வீசும் குத்து வந்து சேருமுன் லூயிஸின் குறுங்குத்து சென்று சேர்ந்துவிடும். ஆனால் லூயிஸைத் தரையில் விழச்செய்ய முடியும். பிராடக், கலெண்டோ, பட்டி பேயர் மூவரும் அதைச் செய்தார்கள். அவர்களிடம் எழுந்து வென்றவர், ஃபோர்மனிடம் மூன்றாம் முறையும் எழ வேண்டியிருக்கும். மிகக் குறுகிய வேறுபாட்டில் ஃபோர்மனையே தேர்ந்தெடுக்கிறேன்.

நீங்கள் காண விரும்பும் கற்பனைப் போட்டி எது? (புதுவயல் வாசகர்)

இரு வேறு காலத்தவரின் போட்டி அன்று. ஒரே காலத்தில் வாழ்ந்தும் மோதாத ஜான் எல். சல்லிவனும் பீட்டர் ஜாக்சனும். கறுப்பினத்தவரோடு பட்டத்துக்காக மோதுவதில்லை என்று சாம்பியனான சல்லிவன் மறுத்துவிட்டதால், ஜாக்சனுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவே இல்லை. 1891-ல் ஜாக்சன் ஜேம்ஸ் கார்பெட்டுடன் 61 சுற்று மோதியும் முடிவு எட்டப்படவில்லை. மறு ஆண்டு அதே கார்பெட், நியூ ஆர்லியன்ஸில் சல்லிவனை 21 ஆம் சுற்றில் வீழ்த்தினார். சங்கிலிக் கணக்கு கூடாது என்று மேலே சொன்னேன். ஆகவே அந்த முடிவை மட்டும் நம்பாமல், கட்டுப்பாடின்றிக் குடித்து உடலைக் கெடுத்துக்கொண்ட அந்நாளைய சல்லிவனின் நிலையையும், ஜாக்சனின் ஜாபையும் கால் நகர்வையும் சேர்த்தே எடைபோடுகிறேன். 1890-ல் அப்போட்டி நடந்திருந்தால், ஹெவிவெயிட் பட்டம் ஒரு கறுப்பின வீரரிடம் வருவதற்கு 1908-ல் ஜாக் ஜான்சன் வரை காத்திருக்க நேர்ந்திராது.