கையெழுத்துக்கு முன் இரண்டாம் பக்கத்தைப் படியுங்கள்

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் வசிக்கிறேன். என் கணவர் (வயது 30, சம்பளம் 18,000 ரூபாய்) பயிருக்கு மருந்து தெளிக்கும் ஹெலிகாப்டரில் மருந்து நிரப்பும் வேலை பார்த்தார். 2025 மார்ச்சில், குழாயைக் கழற்றும் முன்பே விமானி அவசரமாகக் கிளப்பியதில் ஹெலிகாப்டர் சாய்ந்து அவர்மேல் விழுந்துவிட்டது. முதலாளி சாவுக்குக்கூட வரவில்லை. இப்போது எட்டு லட்சம் தருவதாகச் சொல்லி முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார். விசாரணை அறிக்கை வந்ததும் விமானிமீது வழக்குப் போடலாமா?

பதில்: விமானியின் அவசரம், முதலாளியின் கல்மனம் இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். உங்கள் கணவர் அந்த நிறுவனத்தின் பணியாளராக, வேலையின்போது இறந்தாரா என்பது மட்டுமே கேள்வி. ஆம் என்றால், விபத்து நாளில் நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படி யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. குழாயைக் கழற்ற மறந்தவர் உங்கள் கணவர்தான் என்று அவர்கள் வாதாடினாலும், மரண வழக்கில் அது எடுபடாது.

விமான விபத்து விசாரணை அறிக்கைக்காகவும் காத்திருக்காதீர்கள். இன்னொரு விபத்தைத் தடுப்பதுதான் அதன் நோக்கம். பழி சுமத்துவது அல்ல என்று அதற்கான விதிகளே சொல்கின்றன. உங்களுக்கோ இழப்பீடு கோர விபத்து நாளிலிருந்து இரண்டே ஆண்டுகள்தான் கெடு.

இனி அந்த முத்திரைத்தாள். மரண இழப்பீட்டை முதலாளி, இத்தகைய கோரிக்கைகளை விசாரிக்கும் அரசு அதிகாரியான பணியாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் தவிர, கையில் கொடுப்பது எதுவும் இழப்பீடு ஆகாது. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தமும் செல்லாது. "அப்படியானால் பணத்தை வாங்கிக்கொண்டு பிறகு வழக்குப் போடலாமே" என்று என் கட்சிக்காரர்கள் கேட்பதுண்டு. மாட்டிக்கொள்வது அங்கேதான். இத்தகைய தாள்களின் இரண்டாம் பக்கத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஒரு வரி இருக்கும்: 'இறந்தவர் எங்கள் பணியாளர் அல்லர், விமானிக்குத் தெரிந்தவர், உதவிக்கு வந்தவர்.' ஒப்பந்தம் செல்லாமல் போனாலும் அந்த வரி உங்கள் கையெழுத்தோடு உங்களுக்கு எதிராக நிற்கும். நிறுவனச் சீருடையில் கணவர் நிற்கும் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டே, அவர் அங்கே வேலை செய்ததை நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் அலைந்த மனைவியரைப் பார்த்திருக்கிறேன். வங்கியில் சம்பளம் ஏறிய பதிவையும், வேலைக்கு அழைத்த வாட்ஸ்அப் செய்திகளையும் இன்றே பிரதி எடுத்து வையுங்கள்.

தொகையும் தெரிந்திருக்கட்டும். அந்தச் சட்டம் 15,000 ரூபாய்ச் சம்பளம் வரைதான் கணக்கில் எடுக்கும். அதில் பாதி 7,500. அதை 30 வயதுக்குச் சட்டத்தின் பட்டியல் தரும் காரணி 207.98-ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். தாமதத்துக்கு 12 சதவீத வட்டி தனி. எட்டு லட்சம் இதில் ஏறக்குறைய பாதிதான்.

சிவில் நீதிமன்றத்தில் இதைவிட அதிகம் கிடைக்கலாம். ஆனால் அங்கே கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். அங்கே வழக்குப் போட்டுவிட்டால் ஆணையரிடம் போகும் வழியும் அடைபடும். குழந்தைகளோடு இருக்கும் யாருக்கும் அதை நான் சொல்ல மாட்டேன். சமரசமே செய்யுங்கள்: முழு அசலையும் ஆணையரிடம் கட்டச் சொல்லுங்கள், தாமதத்துக்கு அபராதம் கேட்பதை விட்டுக்கொடுங்கள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் மட்டும் வழி வேறு. இழப்பீட்டை அங்கேதான் கோர வேண்டும். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.