11 மணிக்கு வரும் மறதி

கேள்வி: எனக்கு வயது 47. மாங்குளத்துக்கு உள்ளே ஒரு கிராமம். சந்திவரை ஸ்கூட்டியில் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கிளிநொச்சிக்கு அலுவலகம் போகிறேன். ஆறு வருடமாகச் சீனி வருத்தம். மெற்போமினும் கிளிக்ளசைட்டும் எடுக்கிறேன். இரண்டு மாதமாக வேலையை ஒழுங்குபடுத்தவே முடியவில்லை. டயறி எழுதுகிறேன், தொலைபேசியில் ஒன்பது அலாரம் வைத்திருக்கிறேன். ஆனாலும் 11 மணியானால் தலை வெறுமையாகிவிடுகிறது. ஒரே முதியவரிடம் மூன்று தடவை பெயர் கேட்டேன். கடிதத்தில் போன வருடத் திகதியைப் போட்டுக் கையெழுத்திட்டேன். கை நடுங்கி, வியர்த்து, எல்லோர்மீதும் எரிந்து விழுகிறேன். காலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவேன். வரிசை குறையாததால் பல நாள் அதுவே மதியச் சாப்பாடு. முருகண்டியில் பஸ் நிற்கும்போது வாங்கும் கச்சானைக் கொறித்துச் சமாளிக்கிறேன். பின்னேரம் பரவாயில்லை. என் அம்மா கடைசிக் காலத்தில் பிள்ளைகளையே மறந்துவிட்டார். 40 வயதிலேயே அது தொடங்கும் என்று இணையத்தில் பார்த்தேன். வல்லாரைக் குளிசை எடுக்கிறேன். காலைச் சீனி 168 இருந்ததால் கிளிக்ளசைட்டை இரண்டாக்கி, பாகற்காய்ச் சாறும் குடிக்கிறேன். முடி கொட்டுகிறது, நகத்தில் வெள்ளைப் புள்ளி, கால் விறைப்பு. நேரத்தைச் சரியாகப் பயன்படுத்த ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: அம்மாவின் வருத்தம் உங்களுக்கு வந்துவிட்டது என்பதற்கு இந்தக் கடிதத்தில் ஓர் அடையாளமும் இல்லை. அந்த மறதி மணிக்கூடு பார்த்து வருவதில்லை. காலை 11 மணிக்கு வந்து உட்கார்ந்துவிட்டு, மதியம் நாலு வாய் சோறு போனதும் எழுந்து போவதுமில்லை. ‘பின்னேரம் பரவாயில்லை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகம் உதவியது அந்த இரண்டு சொற்கள்தான்.

உங்கள் காலைப் பொழுதை நான் சொல்கிறேன், சரியா பாருங்கள். விடியுமுன் எழுந்து வீட்டாருக்குச் சமைக்கிறீர்கள். ஆறு மணிக்கு முன்பே வெறும் வயிற்றில் குளிசை, அதன்மேல் பாகற்காய்ச் சாறு. இடியப்பப் பார்சல் கைப்பையில். அலுவலகம் திறக்க முன்பே வெளியே சனம் நிற்கிறது. பார்சல் பைக்குள்ளேயே இருக்கிறது, நீங்கள் அடுத்தவரைக் கூப்பிடுகிறீர்கள்.

கிளிக்ளசைட் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் குளிசை. சாப்பாடு உள்ளே வந்ததா, வரிசையில் நிற்கிறதா என்று அது பார்ப்பதில்லை. போட்டாயிற்று என்றால் சீனியை இறக்கும். நீங்கள் அதை இரண்டாக்கியும் விட்டீர்கள். 11 மணிக்கு நடுக்கம், வியர்வை, எரிச்சல், தடுமாற்றம் நான்கும் ஒன்றாக வந்தால் சீனி இறங்கிவிட்டது என்றே முதலில் நினைக்க வேண்டும். மூளை இரத்தத்தில் வரும் குளுக்கோசை நம்பியே ஓடுகிறது. அது குறைந்தால் முதியவரின் பெயரும் நிற்காது, இந்த வருடம் எது என்பதும் நிற்காது.

நீங்கள் உடனே கவனிக்க வேண்டியது இது ஒன்றைத்தான். வியர்வையோடு தடுமாற்றம் வந்தால் பேனாவை வையுங்கள். குளுக்கோமீற்றர் கையில் இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள். டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் சந்தேகமே வேண்டாம். கருவி இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சீனி வருத்தக்காரிக்குச் சீனியா என்று பக்கத்து மேசையில் யாராவது கேட்பார்கள். ஆம், அந்த நேரத்தில் சீனிதான் மருந்து. 15 நிமிடம் கழித்தும் தெளிவு வரவில்லையா, இன்னொரு தடவை குடியுங்கள். தெளிந்ததும் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுங்கள். சீனியை மட்டும் குடித்துவிட்டு மறுபடி வரிசைக்குப் போனால் அரை மணியில் திரும்பவும் இறங்கும்.

கச்சானை நான் குறை சொல்லவில்லை. முருகண்டியில் இறங்கி வாங்காமல் ஏ9 வீதியில் நானும் போனதில்லை. ஆனால் கச்சானில் கொழுப்பும் புரதமும் அதிகம், அது மெல்லத்தான் சமிக்கும். சீனி இறங்கி நிற்கும்போது அதை மென்றுகொண்டிருப்பது, வீடு எரியும்போது கிணறு வெட்டுகிற கதை. சீனியில்லாத இனிப்பும் உதவாது. மேசை லாச்சியில் சீனி போத்தல் ஒன்று இருக்கட்டும்.

பக்கத்தில் வேலை செய்பவரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் பேச்சுக் குழறினால் சீனித் தண்ணீர் தரவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துக் கிடத்திவிட்டு 1990க்கு அழைக்க வேண்டும், அம்புலன்ஸ் இலவசமாக வரும். இன்னொன்று, நடுக்கம் வந்த நாளில் தெளிந்து முக்கால் மணி நேரமாவது ஆகாமல் ஸ்கூட்டியைத் தொடாதீர்கள்.

குளிசையை இரண்டாக்கியது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காலைச் சீனி ஒரு நாள் 168 காட்டியதற்குக் காரணம் முதல்நாள் இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்ட புட்டாக இருக்கலாம், தூக்கம் கெட்டதாக இருக்கலாம். அந்த ஓர் எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டுகிற வேலையைக் கிளினிக் வைத்தியரிடமே விடுங்கள். இன்றைக்கே கிளினிக் கொப்பியில் எழுதிய பழைய அளவுக்குத் திரும்புங்கள். ஆறு மணிக்கு அல்ல, சாப்பாடு கண்முன் இருக்கும்போது போடுங்கள். எங்கள் ஆஸ்பத்திரி விடுதிகளில் சாப்பாட்டு வண்டியின் சத்தம் கேட்ட பிறகுதான் தாதி இன்சுலின் ஊசியை எடுப்பார். அதே பழக்கம் உங்களுக்கும் வேண்டும். சாப்பிடவே முடியாத காலையென்றால் அன்று காலைக் கிளிக்ளசைட் வேண்டாம். பாகற்காயைக் கறியாகச் சாப்பிடுங்கள். சாறாக்கிக் குளிசையோடு போட்டி போட விடாதீர்கள்.

அடுத்த கிளினிக் திகதி வரும்வரை இருக்கவும் வேண்டாம், இந்தக் கிழமையே போங்கள். சிறுநீரகத்துக்கான கிரியேற்றினின் பரிசோதனையைக் கேளுங்கள். பழைய அளவே திடீரென்று அதிகமாக வேலை செய்கிறதென்றால் சிறுநீரகம் பின்வாங்குகிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். வடித்து வெளியேற்ற வேண்டியது உடம்பிலேயே தங்கிவிடும். நீரிழிவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். போதாததற்கு, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் அனுராதபுரப் பக்கம் மட்டுமல்ல, வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. வன்னியில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த எவருக்கும் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட நான் சம்மதிப்பதில்லை.

மற்றவை. நகத்தின் வெள்ளைப் புள்ளி ஒன்றுமில்லை. முடி எல்லோருக்கும் கொட்டுகிறது. வல்லாரையைச் சம்பலாக அரைத்துச் சாப்பிடுங்கள், சுவையாக இருக்கும். வல்லாரைக் குளிசைக்குக் கொடுக்கும் காசு வீண். கால் விறைப்பை மட்டும் தள்ளிவிட மாட்டேன். நீரிழிவு நரம்பைத் தொட்டிருக்கலாம். பல வருடம் மெற்போமின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதும் உண்டு, அது ஞாபகத்தையும் சற்று மங்கச் செய்யும். கிளினிக்கில் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இணையக் காணொளியில் சொன்ன அந்த 40 வயது மறதி நோய் இருக்கிறது, ஆனால் அரிது. சீனி சரியான பிறகும் எந்த நேரத்திலும் மறதி தொடர்ந்தால், பழகிய பாதை தவறினால், அப்போது வாருங்கள், ஒழுங்காகச் சோதிப்போம்.

இனி நீங்கள் கேட்ட நேரக் கதை. ஒன்பது அலாரத்தில் எட்டை அழியுங்கள். ஒன்பது தடவை கத்தும் தொலைபேசியை மனிதர் ஒன்பதாவது தடவை பார்ப்பதே இல்லை. மிஞ்சும் ஒன்று காலைச் சாப்பாட்டுக்கு. 8.30க்கு வேலை தொடங்குகிறது என்றால் 8.10க்குப் பார்சல் பிரிய வேண்டும், அலுமாரி திறக்க முன்பு. 10 மணித் தேநீரோடு இரண்டு பிஸ்கட். 12.30க்கு மதியச் சோறு. டயறியில் முதலில் இந்த மூன்றையும் மையால் எழுதுங்கள். கோப்புகளைப் பென்சிலால் இடைவெளிகளில் எழுதுங்கள். வரிசையில் நிற்பவர்கள் பத்து நிமிடம் முணுமுணுப்பார்கள். பிழையான திகதியோடு போன கடிதத்தைத் திருத்த ஒருவர் மறுபடி பஸ் ஏறி வர வேண்டியிருக்குமே, அவரிடம் கேளுங்கள், எது பெரிய தாமதம் என்று.

கிளினிக்குக்கு அந்த டயறியையும் கொண்டு போங்கள். 11 மணிக்குக் குத்திப் பார்த்த எண்களை நேரத்தோடு எழுதியிருந்தால் வைத்தியருக்கு வேலை பாதி முடிந்தது. வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் நாளென்றால் கவனம். நம்மவர்கள் விடியக்காலையில் குளிசையைப் போட்டுவிட்டு ஒன்பதரைவரை வரிசையில் நிற்பார்கள், பிறகு வாங்கிலேயே சரிந்துவிடுவார்கள். இரத்தம் கொடுத்து முடியும்வரை குளிசை பையில் இருக்கட்டும், பார்சலுக்குப் பக்கத்தில்.