பழைய பைபர் படகின் தளமும் பின்பலகையும் உக்கிப்போனால் மேலே பைபர் போட்டால் போதுமா?

கேள்வியில் இருப்பது இதுதான்: இருபது வருடப் பழைய பைபர் படகு, தளத்தில் நடந்தால் கால் அமுங்குகிறது, அவுட்போர்ட் இன்ஜினைச் சாய்க்கும்போது அது மாட்டியிருக்கும் பின்பலகை அசைகிறது. மேலே இரண்டு அடுக்கு பைபர் போட்டுவிட்டால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். போதுமா?

போதாது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குளச்சல் பக்கம் என் சித்தப்பாவின் படகை அவரோடு சேர்ந்து பிரித்துக் கட்டியவன் என்ற முறையில் இதை அழுத்தியே சொல்கிறேன். அந்தப் படகிலும் யாரோ முன்பு மேலே ஒரு அடுக்கு போட்டிருந்தார்கள். அதைக் கிழித்தபோது உள்ளே பிளைவுட் என்று சொல்ல எதுவும் இல்லை. கையால் அள்ளிப் போடும் கறுப்புச் சகதிதான் இருந்தது. மேல்பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்ததுதான் மிச்சம்.

பைபர் உக்காது. உக்குவது அதற்குள் இருக்கும் மரம். பின்பலகை என்பது வெளியே ஒரு பைபர் தோல், உள்ளே ஒரு பைபர் தோல், நடுவில் கனமான பிளைவுட். தளமும் பெரும்பாலும் பிளைவுட்தான், மேலே மட்டும் பைபர் போர்த்தியிருப்பார்கள். அடிப்பக்கத்தைச் சும்மா விட்டிருப்பார்கள். இன்ஜின் போல்ட்டு ஓட்டை, தண்ணீர் வடிகிற அடைப்பான் ஓட்டை, கயிறு கட்டும் கொக்கியின் திருகு ஓட்டை, இன்ஜின் கிளாம்ப் நசுக்கிய மேல்விளிம்பு, இவை வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது.

பலரும் கடல் தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் மழைத் தண்ணீர்தான் மோசம். மரத்தைத் தின்பது பூஞ்சை. உப்பு அதன் வேகத்தைக் குறைக்கும், நல்ல தண்ணீர் அதை வளர்க்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. அதனால்தான் தினமும் கடலுக்குப் போகிற படகைவிட, கரையில் மழை நீரைத் தேக்கிக்கொண்டு சும்மா கிடக்கிற படகு சீக்கிரம் கெட்டுப்போகிறது. எங்கள் பக்கம் இரண்டு பருவமழையும் பெய்யும் என்பதால் இது இன்னும் அதிகம்.

முதலில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பாருங்கள். சுத்தியல் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் ‘டக்’ என்று கேட்கும், கெட்ட இடம் மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடங்களில் உள்பக்கமிருந்து 4 மி.மீ. ட்ரில் போடுங்கள், வெளித்தோலைத் துளைக்க வேண்டாம். வெளிறிய காய்ந்த தூள் வந்தால் மரம் நல்லது. கறுத்து ஈரமாக வந்தால், நாற்றமும் அடித்தால், அது போயிற்று. பின்பலகையின் அடிமூலைகளைக் கட்டாயம் பாருங்கள், தண்ணீர் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும்.

செலவு செய்யலாமா வேண்டாமா என்பதை உக்கிப்போன மரம் தீர்மானிப்பதில்லை, அடித்தோல்தான் தீர்மானிக்கிறது. அடிப்பக்க பைபர் அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தாலோ, அடித்தண்டை (அடியில் நடுவே நீளமாக ஓடும் முதுகெலும்பை) ஒட்டி விரிசல் உள்ளே வரை ஓடியிருந்தாலோ அந்தப் படகை விட்டுவிடலாம். அடித்தோல் கெட்டியாக இருந்தால் மரத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம்.

பிரிப்பதற்கு முன்பு படகைப் பல இடங்களில் முட்டுக் கொடுத்து, வடிவம் மாறாதபடி நிறுத்துங்கள். இதில் அவசரப்பட்டால் பிறகு திருத்தவே முடியாது. தளத்தை எடுத்துவிட்டால் படகின் பக்கங்கள் விரியும், அந்த நிலையில் புதுத் தளத்தைப் போட்டு ஒட்டினால் படகு கோணலாகவே நிற்கும். அதனால் பக்கங்களுக்குக் குறுக்கே சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகளும் உக்கியிருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்காமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

தளத்தை வெட்டும்போது ஓரத்தில் இரண்டு மூன்று அங்குலம் விளிம்பு விடுங்கள், புதுப் பலகை உட்கார அது வேண்டும். கீழே மிதவைக்காக ஃபோம் நிரப்பியிருந்தால் பிய்த்துப் பாருங்கள். ஒரு கன அடி நல்ல ஃபோம் ஒரு கிலோகூட இருக்காது. தண்ணீர் குடித்துவிட்டால் அதே ஃபோம் 25 கிலோவைத் தாண்டும். ‘படகு முன்போல ஓடவில்லை’ என்று இன்ஜினைக் குறை சொல்கிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பின்பலகையில் உள்தோலை வெட்டி எடுத்து, மரத்தை உளியால் பெயர்த்து, வெளித்தோலை அப்படியே வையுங்கள். அச்சில் வார்த்த வடிவம் அதில்தான் இருக்கிறது. பிறகு காயவிடுங்கள், நன்றாகவே காயவிடுங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ராத்திரி முழுக்க ஒட்டி வைத்து, காலையில் உள்ளே நீர் கோர்த்திருந்தால் இன்னும் பொறுங்கள். தை, மாசியில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் வெயிலே பாதி உதவும்.

பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிற மரைன் பிளைவுட் மட்டும் வாங்குங்கள். ஐ.எஸ். 303 வீட்டு மரச்சாமானுக்கு உள்ளது. 18 மி.மீ. பலகை இரண்டை ஒட்டினால் 36 மி.மீ. வரும், பழைய கனத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இணைப்பு விழ வேண்டியிருந்தால் இரண்டு அடுக்கின் இணைப்பும் ஒரே இடத்தில் வரக் கூடாது. வெட்டிய ஓரங்கள்தான் தண்ணீரை உறிஞ்சும், அவற்றுக்கு ரெசினை (பைபரை இறுக்கும் பிசினை) இரண்டு மூன்று தடவை ஊட்டுங்கள்.

ரெசினைப் பொறுத்தவரை, கடைக்காரர்கள் கொடுப்பது பாலியெஸ்டர். புதுப் படகு வார்க்க அது நல்லது. பழைய பைபர்மேலும் மரத்தின்மேலும் எபாக்ஸிதான் நன்றாகப் பிடிக்கும், விலை அதிகம் என்றாலும் பின்பலகைக்காவது அதை வாங்குங்கள் என்பேன். ஆனால் எபாக்ஸியோடு சாதாரண மேட், அதாவது நெய்யாத பைபர் விரிப்பு, ஒத்துப்போகாது. மேட்டின் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில்தான் கரையும். அதனால் நெய்த துணியோ, தைத்த துணியோ வாங்க வேண்டும். எபாக்ஸிமேல் ஜெல்கோட் (பைபர் படகின் பளபளப்பான வெளிப்பூச்சு) சரியாக ஒட்டாது, கடைசியில் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

பாலியெஸ்டர் வாங்கினால் இதைக் கவனமாகப் படியுங்கள். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டும், அதை வேகப்படுத்தும் கோபால்ட்டும் தனித்தனிப் பாட்டிலில் தருவார்கள். இரண்டையும் நேரடியாகச் சேர்க்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் ஊற்றி முழுக்கக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். நம் வெயிலில் கேட்டலிஸ்ட் 1 சதவீதம் போதும், அதற்குக் கீழே போனால் சரியாக இறுகாது. காலை வெயில் ஏறுமுன் சின்னச் சின்ன அளவாகக் கலக்குங்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். கிரைண்டர் பிடிக்கும்போது முகத்தில் துண்டு கட்டுவது எதற்கும் உதவாது, வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும்.

பலகையை ஒட்டும்போது இடையில் காற்று நிற்கக் கூடாது. ரெசினில் சிலிக்காவும் நறுக்கிய இழையும் கலந்து கெட்டியான பட்டி செய்து, பல்கரண்டியால் (விளிம்பில் பல் வெட்டிய கரண்டியால்) பரப்பி, விளிம்பெல்லாம் பட்டி பிதுங்குகிற அளவுக்கு இறுக்குங்கள். மூலைகளில் பட்டியை வளைவாகத் தேய்த்து நிரப்பிவிட்டுத் துணி போடுங்கள், பைபர் துணி நேர்கோணத்தில் மடங்காது. பழைய பைபரோடு சேரும் இடத்தை அதன் கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்தால்தான் பிடி இருக்கும்.

தளத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலகையின் அடிப்பக்கத்துக்கும் முதலிலேயே ரெசின் பூசிவிடுங்கள், பிறகு அங்கே கை எட்டாது.

அப்புறம் ஓட்டைகள். நான் இந்த வேலையில் அதிகம் நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான். ஒவ்வொரு போல்ட்டுக்கும் தேவையைவிடப் பெரிய ஓட்டை போட்டு, கெட்டியான எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவில் துளையுங்கள். போல்ட்டுக்கும் மரத்துக்கும் இடையில் எபாக்ஸிச் சுவர் நிற்கும். பாலியூரித்தேன் சீலன்ட் வைத்து முடுக்குங்கள். அடைப்பான் ஓட்டைக்கும் இதே முறைதான்.

கரையில் ஏற்றினால் அணியம் (படகின் முன்பக்கம்) உயர நிற்க வேண்டும், அடைப்பானைக் கழற்றிவிட வேண்டும். மேலே தார்ப்பாய் போட்டால் காற்றுப் போக இடைவெளி விடுங்கள்.

உங்கள் இன்ஜின் எத்தனை குதிரைத்திறன், ஷாஃப்ட் 15 அங்குலமா 20 அங்குலமா என்று எழுதுங்கள். பின்பலகையின் உயரத்தையும் கனத்தையும் அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.